இரண்டாம் வரிசை, இடமிருந்து நான்காவது

“…முதுகுதாம்ப்பா எனக்குத் தெரியும். அவரு முன்னால நடப்பாரு, நான் நாலடி பின்னால. கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான், விருந்துக்குப் போனாலும் அப்படித்தான். மொத்தமே பதினெட்டு நாளு. மூஞ்சிய நான் எங்க பாத்தேன்?”

அத்தை இதைச் சொன்னது புனேயில், தாபோடியில் அவருடைய ஒற்றை அறை வீட்டில், மழை விட்டு விட்டுப் பெய்த ஒரு மத்தியானத்தில். கட்டிலில் விரித்த பழைய வேட்டியின் மேல், கெட்டி அட்டையில் ஒட்டிய ராணுவக் குரூப் போட்டோ ஒன்று கிடந்தது. பக்கத்தில் என் பூதக்கண்ணாடி. எதிர்ச் சுவரில், சந்தன மாலை போட்ட படத்திலிருந்து தொப்பி வைத்த இளைஞர் ஒருவர் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இளைஞரைத்தான் அத்தை ஐம்பது வருஷமாகத் தன் கணவர் என்று கும்பிட்டு வந்தார். அவர் உங்கள் கணவர் இல்லை, வேறு ஒருவர் என்று நான் சொல்லி முடித்து ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. அழுவார் என்று நினைத்திருந்தேன். திட்டுவார் என்றும் நினைத்திருந்தேன். முதுகைப் பற்றிப் பேசுவார் என்று நினைக்கவில்லை.

அத்தை என்றால் ரத்த உறவில்லை. கிர்க்கியில் ஆயுதத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு எதிர் வரிசையில் அவருடைய அண்ணன் குடியிருந்தார். எழுபத்தொன்று யுத்தம் முடிந்த கையோடு, வேலூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, நிறை வயிற்றோடும் ஒரு தகரப் பெட்டியோடும் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர் அத்தை. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயதுகூட ஆகவில்லை. கணவர் ராணுவத்தில் பாலம் கட்டுகிற, கண்ணிவெடி எடுக்கிற கம்பெனியில் சிப்பாய். மேற்கு எல்லையில் கண்ணிவெடி எடுக்கப் போன இடத்தில் இறந்துபோனார். அங்கேயே எரித்துவிட்டார்கள். பெட்டிதான் வந்தது. கம்பளி, இரண்டு சட்டை, எனாமல் குவளை, சவரக் கத்தி. கணவருக்குத் தாய் தகப்பன் கிடையாது. வளர்த்த சித்தப்பா கல்யாணத்தோடு கைகழுவிவிட்டவர். கல்யாணத்திலும் போட்டோ எடுக்க விடவில்லை. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்பது அந்தச் சித்தப்பாவின் கட்சி. “எடுக்காமயே கொறஞ்சிடுச்சு, அதுக்கு எடுத்தாவது இருக்கலாம்” என்பார் அத்தை.

மகள் பிறந்த பிறகு அவருக்குத் தொழிற்சாலையில் வேலை கொடுத்தார்கள். குண்டுகளுக்கு மருந்து நிரப்புகிற பகுதி. கொண்டை ஊசி கூடாது, வளையல் கூடாது, பருத்திப் புடவை தவிர வேறு எதுவும் கூடாது. புதிதாக வருகிற பெண்களுக்கு அத்தை சொல்லும் பாடம் ஒன்றே ஒன்று: “கை நடுங்குற அன்னிக்கு லீவு போட்டுடு. இங்க வந்து நடுங்காத.” கணவரைக் கொன்ற சாமானைப் போலவே ஒன்றை முப்பது வருஷம் தன் கையால் நிரப்பிக் கொடுத்தவர் அவர். அதைப் பற்றி யாராவது கேட்டால், “நான் ரொப்புனது ஒண்ணும் அவரு காலடியில இல்ல, வேற எவன் காலடியிலயோ” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். குழாயடியில் மராட்டிப் பெண்களோடு மராட்டியிலேயே மல்லுக்கு நிற்பார், அவர்கள் போன பிறகு பாக்கித் திட்டைத் தமிழில் தீர்ப்பார். அவர்களுக்கும் அவர் ‘மாவ்ஷி’, சித்திதான்.

பெட்டி வந்து சில மாதம் கழித்து, கணவருடைய யூனிட்டிலிருந்து ஒரு கடிதமும் குரூப் போட்டோ ஒன்றும் தபாலில் வந்தன. யுத்தத்துக்கு முன்னால் கம்பெனி முழுவதும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம். இறந்தவர்களின் குடும்பங்களுக்கென்று பிரதி போட்டு அனுப்பியிருந்தார்கள். அட்டையின் அடியில் பொடி எழுத்தில் இங்கிலீஷில் பெயர்கள்: உட்கார்ந்திருப்பவர்கள், நிற்பவர்கள் முதல் வரிசை, இரண்டாம் வரிசை, எல்லாம் இடமிருந்து வலம். அத்தைக்கும் இங்கிலீஷ் தெரியாது, அவர் அண்ணனுக்கும் தெரியாது. லீவு கிடைக்காமல் கல்யாணத்துக்கே போகாத அண்ணன் மாப்பிள்ளை முகத்தையும் பார்த்ததில்லை. எங்கள் குவார்ட்டர்ஸ் லைனில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவர் என் அப்பா, ஸ்டோர்ஸில் கிளார்க். அவரிடம் கொண்டுவந்தார்கள். அப்பா பெயரைத் தேடிப் பிடித்து, இரண்டாம் வரிசையில் நான்காவதாக இருக்கிறது என்று கண்டு, பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாராம். “ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இதோ இருக்கார்மா உன் வீட்டுக்காரர்.” இந்தக் கதையை அப்பா என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். போன மனுஷனை ஒரு பெண்ணுக்குத் திருப்பி எடுத்துக் கொடுத்துவிட்டதைப் போன்ற ஒரு பெருமை அதில் இருக்கும். முடிக்கும்போது, “அச்சுல வந்த வரிசைடா, தப்பாவே இருக்காது” என்பார். புனே கேம்ப் கடைவீதியில் ஒரு ஸ்டூடியோவில் அந்த நான்காவது முகத்தை மட்டும் பெரிதாக்கிச் சட்டம் போட்டார்கள். மகள் அந்த முகத்தைப் பார்த்து வளர்ந்தாள். பரீட்சைக்குப் போகும்போது அதன் முன்னால் நிற்பாள். பள்ளிக்கூடத்தில் குடியரசு தினத்தன்று அந்தப் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு மேடையில் நின்றிருக்கிறாள்.

இனி என் கதைக்கு வருகிறேன், சுருக்கமாக. நான் ஐ.டி.ஐ. முடித்து அதே தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் சேர்ந்தவன். குண்டின் உடம்பில் கீறல், வெடிப்பு, குழி இருக்கிறதா என்று விளக்கடியில் உருட்டி உருட்டிப் பார்க்கிற வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜூனா பஜார் என்கிற பழைய சாமான் சந்தையில் இரும்பு பார்க்கப் போனவன், ஒரு வியாபாரி தோல் அட்டை போட்ட ஆல்பத்திலிருந்து பக்கங்களைப் படத்தோடு பிய்த்துப் பிய்த்துச் சாக்கடையோரம் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். ஏன்ப்பா என்றேன். “அரே காகா, அட்டைக்குத்தான் கிராக்கி. போட்டோவுல இருக்கறவன் என்ன, திரும்பி வரப்போறானா?” என்று ஹிந்தியில் சிரித்தான். பிய்த்ததையெல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில் அள்ளிச் சும்மாவே கொடுத்தான். வீட்டில் பரப்பிப் பார்த்தால் பழைய உலக யுத்தத்தின் பர்மாக் காடு. மூங்கில் பாலம், யானை, துணி துவைக்கிற சிப்பாய்கள், கால்பந்து. அடுத்து ஒரு மரத்தடியில் வரிசையாகப் படுக்கவைத்த உடல்கள், எல்லாருடைய பூட்ஸையும் யாரோ கழற்றியிருந்தார்கள். அடுத்து மறுபடியும் கால்பந்து. எல்லாப் படமும் ஒரே அளவு, நான்கு மூலையிலும் ஒரே மாதிரி முக்கோணக் காகிதம். கால்பந்து ஆடுகிறவர்களில் இரண்டு பேர் தலைக்கு மேல் யாரோ நீல மையில் சின்னச் சிலுவை போட்டிருந்தார்கள். பிணமும் கால்பந்தும் அந்த ஆல்பத்துக்கு ஒன்றாகவே இருந்தன. அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்றிலிருந்து ஊரார் எறிகிற ஆல்பங்களைச் சேர்ப்பதை விடவும் முடியவில்லை.

யாரும் சொல்லிக்கொடுக்காததால் எல்லாவற்றையும் கெடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். ஈரம் உறிஞ்சட்டும் என்று ஒரு ஆல்பத்தின் நடுவே செய்தித்தாளை வைத்து அடுக்க, ஒரு மேஜரின் நெற்றியில் புடவைக் கடை விளம்பரம் தலைகீழாக ஏறிக்கொண்டது, இன்னும் போகவில்லை. புனே மழை நான்கு மாதம் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஸ்டீல் பீரோவுக்குள் சின்ன பல்ப் ஒன்று எரியவிட்டு, அக்கம்பக்கத்தில் புது ஷூ வாங்கியவர்களிடமெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சுகிற பொட்டலத்தைக் கேட்டு வாங்கி அடுக்குவேன். ஒட்டிக்கொண்ட பக்கங்களைப் பல் இடுக்குச் சுத்தம் செய்கிற நூலால் அறுத்துப் பிரிப்பேன். படத்தின் பின்னால் பென்சிலால் மட்டும்தான் எழுதுவேன். பருத்திக் கையுறை இல்லாமல் யாரையும் தொடவிட மாட்டேன். என் மனைவி சமையலறையிலிருந்து, “உங்க பட்டாளம் சாப்ட்டாச்சா? அப்ப நீங்களும் வந்து சாப்பிடுங்க” என்பாள். வீட்டில் சொந்தக்காரர் படத்தைவிட ஊரான் படம்தான் அதிகம் என்பது அவள் குறை. போகப்போக ஆட்களே கூப்பிட ஆரம்பித்தார்கள். வீட்டுப் பெரியவர் போனதும், பாணேர்ப் பக்கத்து அடுக்குமாடியில் இடமில்லை என்று பிள்ளைகள் போன் செய்வார்கள். “அங்கிள், நாங்க எல்லாத்தையும் ஸ்கேன் எடுத்துட்டோம், ஒரிஜினல் நீங்க எடுத்துக்குறீங்களா?”

அத்தை வீட்டுப் படத்தையும் நான்தான் செப்பனிட்டேன். மகளுடைய கல்யாணத்தின்போது அந்தப் பழைய பெரிதாக்கிய பிரதி மஞ்சளாகி, ஒரு பக்கம் செல்லரித்துப் போயிருந்தது. குரூப் போட்டோவையே வாங்கிவந்து ஸ்கேன் செய்து, அதே இரண்டாம் வரிசையில் அதே நான்காவது ஆளை எண்ணி எடுத்து, இரு பக்கத்துத் தோள்களையும் வெட்டிவிட்டு, புதுப் படமாகப் போட்டுக்கொடுத்தேன். கம்ப்யூட்டரில் கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வைத்தேன். கல்யாண மண்டபத்தில் அந்தப் படத்துக்கு முன்னால் மகள் விழுந்து கும்பிட்டு எழுந்து, “அண்ணா, அப்பா என்னையே பாக்கறாரு” என்றாள். அத்தை உடனே பந்தி பார்க்கப் போய்விட்டார். அந்தப் போக்கை நான் கவனித்தேன், ஆனால் அதற்கு அர்த்தம் தேடவில்லை.

மகள் இப்போது மகர்பட்டாவில் ஐ.டி. கம்பெனி ஒன்றில் பெரிய பதவியில் இருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் போன் செய்தாள். அப்பாவின் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவர் நினைவாக ஒரு கருங்கல் வைக்க ஏற்பாடு செய்திருந்தாள். பெயரும் ஊரும் முகமும் அதில் செதுக்கப்படும். “அண்ணா, அந்த ஃபைல் பெரிய சைஸ்ல வேணுமாம். கல்லுல ஒரு தடவ வந்துட்டா அப்புறம் மாத்த முடியாதாம். அதனால பெஸ்ட் காப்பி குடுங்க ப்ளீஸ்.” பதினைந்து நாளில் தருகிறேன் என்றேன்.

அந்தப் பதினைந்து நாளுக்குள்தான் சிஞ்ச்வட்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். தமிழர். அப்பா ராணுவத்தில் இருந்தவர், அம்மாவும் போய்விட்டார், ஃப்ளாட்டைக் காலி செய்கிறோம், இரண்டு ஆல்பம் இருக்கிறது என்றார். லோக்கல் ரயில் பிடித்துப் போனேன். கதவைத் திறந்து உள்ளே காலை வைத்தவன் அப்படியே நின்றேன். ஹாலில், டிவிக்கு மேலே, மாலையோடு அத்தையின் கணவர்.

கொஞ்சம் வயதானவராக, முடி நரைத்து, கண்ணாடி போட்டு. ஆனால் அதே தாடை, அதே அடர்ந்த புருவம், இடது மூக்கோரம் அதே மரு. இல்லை, நான் செப்பனிட்ட படத்தில் அந்த மரு வலது பக்கம் இருந்தது. அந்த நேரத்தில் அது மனசில் ஓடி மறைந்தது, அவ்வளவுதான்.

“எங்கப்பா சார்” என்றார் மகன். “பட்டாளத்துலேர்ந்து வந்தப்புறம் இங்க ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில செக்யூரிட்டில இருந்தாரு. போயி ஏழெட்டு வருஷம் ஆச்சு.”

“யுத்தத்துல அடி ஏதாவது…” என்று நான் உளறினேன்.

“யுத்தத்துல ஒரு கீறல் இல்ல சார் அவருக்கு. சுகர்தான் கொன்னுச்சு. உக்காருங்க சார், மொதல்ல தண்ணி குடிங்க. உங்க மூஞ்சியே சரியில்ல.”

ஆல்பத்தில் அதே குரூப் போட்டோ இருந்தது. அதே பெயர்கள், அதே பொடி எழுத்து. அவர் பெயர் இரண்டாம் வரிசையில் ஆறாவது. எண்ணினால் ஆறாவது இடத்தில்தான் அவர் நின்றார். அத்தையின் பிரதியில் அவரே நான்காவதாக நிற்கிறார். வீட்டுக்கு வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். வைத்த மாத்திரத்தில் தெரிந்தது. நாற்காலியில் நடுவே உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் மெடல் பட்டை ஒரு படத்தில் இடது மார்பில் இருந்தது, அத்தையின் படத்தில் வலது மார்பில் இருந்தது. நம் ராணுவத்தில் மெடல் பட்டையை வலது மார்பில் குத்தமாட்டார்கள். ஸ்டூடியோவில் யாரோ, இறந்தவர்கள் வீட்டுக்கென்று அவசரமாகப் பிரதி போட்டபோது, நெகட்டிவைப் புரட்டிப் போட்டுவிட்டார்கள். படம் இடம் வலம் மாறிவிட்டது. அட்டையில் தனியாக அச்சடித்த பெயர்கள் மாறவில்லை. ஒன்பது பேர் நிற்கிற வரிசையில் நான்காவது ஆள் ஆறாவதாகப் போய்விட்டார், ஆறாவது ஆள் நான்காவதாக வந்துவிட்டார். இரண்டு பேருக்கும் நடுவே ஒரே ஒரு ஆள்.

முப்பத்தைந்து வருஷம் இரும்பில் மயிரிழைக் கீறல் தேடிய கண் என்னுடையது. மற்றவர் ஆல்பங்களில் தொப்பி இந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பொத்தான் இந்தப் பக்கம் இருக்கிறது என்று குறை கண்டுபிடித்துச் சொல்கிறவன். அத்தையின் படத்தில் மட்டும் நான் எப்போதும் இரண்டாம் வரிசைக்கே போயிருக்கிறேன். முன்வரிசையை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. அப்பா எண்ணியதை நான் மறுபடி எண்ணினேன், அவ்வளவே நான் செய்த சோதனை.

சிஞ்ச்வட் பிரதியில் நான்காவதாக நின்ற உண்மையான கணவரைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஷட்டர் விழுந்த கணத்தில் அவர் தலையைத் திருப்பியிருக்கிறார். கழுத்துப்பட்டி தெளிவு, சட்டைப் பொத்தான் தெளிவு, தொப்பிக்குக் கீழே ஒரு சாம்பல் இழுப்பு. கண் எது, வாய் எது என்று சொல்ல முடியாது. எந்தக் கம்ப்யூட்டரும் அதிலிருந்து ஒரு முகத்தைக் கொண்டுவர முடியாது. கொண்டுவந்தால் அது நான் வரைந்த முகமாகத்தான் இருக்கும்.

அந்தச் சில நாட்கள் நான் நன்றாகத் தூங்கவில்லை. சிஞ்ச்வட் தாபோடியிலிருந்து மூன்று ஸ்டேஷன். அந்த மனுஷர் அங்கே வேலைக்குப் போய் வந்து, பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து, சர்க்கரைக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்த காலமெல்லாம் இங்கே அவருக்கு மாலை போட்டு விளக்கு வைத்திருக்கிறார்கள். ஒரே லோக்கலில் அத்தையும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்துகூட வந்திருக்கலாம். அதைவிட மோசமான நினைப்பு ஒன்று இருந்தது. அதே நெகட்டிவிலிருந்து அதே கையால் போட்ட பிரதிகள்தானே அந்தக் கம்பெனியில் இறந்த மற்றவர்கள் வீட்டுக்கும் போயிருக்கும்? எத்தனை சுவர்களில் யார் யார் முகமோ. வரிசைக்கு நடுவில் நின்று செத்தவன் ஒருவன் இருந்தால், அவன் வீட்டில் மட்டும் சரியான முகம் தொங்கும்.

மனைவியிடம் சொன்னேன். அவள் அரிந்துகொண்டிருந்த கத்தரிக்காயைக் கீழே வைக்காமலே சொன்னாள்: “உங்கப்பா ஒரு தடவ எண்ணுனாரு, நீங்க ஒரு தடவ எண்ணுனீங்க. மூணாவது தடவ எண்ணாம இருந்தா குடியா முழுகிடும்? அந்தப் பொண்ணுக்கு அது அப்பாங்க.” உண்மைதான். ஆனால் கல்? சிஞ்ச்வட்காரர் முகத்தை, அத்தையின் கணவர் பெயருக்கு மேலே, அவர் பிறந்த ஊரில் கல்லில் செதுக்கி நிறுத்தப் போகிறார்கள். அதற்கான படத்தை என் கையால் அனுப்ப வேண்டும். அவள் கொஞ்ச நேரம் கழித்து, “அப்ப மொதல்ல அத்தைகிட்ட கேளுங்க. பொண்ணுகிட்ட போகாதீங்க” என்றாள்.

அப்படித்தான் அந்த மழை மத்தியானத்தில் இரண்டு பிரதிகளையும், பூதக்கண்ணாடியையும், சிஞ்ச்வட் ஆல்பத்தையும் பையில் போட்டுக்கொண்டு தாபோடிக்குப் போனேன்.

அதற்குப் பிறகு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். மகளிடம் அத்தையே சொன்னார். அன்று இரவே மகள் எனக்குப் போன் செய்தாள். வழக்கமாக ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து படபடவென்று பேசுகிறவள், அன்று தேடித் தேடித் தமிழில் பேசினாள். “அண்ணா, நேத்து வரைக்கும் எனக்கு அப்பா இருந்தாரு. ஒரு மூஞ்சி இருந்துச்சு. நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் அண்ணா.” நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை, எண்ணியதற்கா, சொன்னதற்கா. கல் வைத்தார்கள். அதில் பெயரும் ஊரும் மட்டும் இருக்கிறது. முகத்துக்கென்று விட்ட இடம் வழவழவென்று வெறுமையாக இருக்கிறதாம். நான் போகவில்லை, என்னைக் கூப்பிடவும் இல்லை. அத்தை போன வருஷம் போனார். சுடுகாட்டில் மகள் என் பக்கம் ஒரு தடவை பார்த்துத் தலையசைத்தாள், அவ்வளவுதான். எனக்கு அது போதாது, ஆனால் அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமையில்லை.

அத்தை சுவரிலிருந்த படத்தைக் கடைசி வரை இறக்கவில்லை. மாலையை மட்டும் எடுத்துவிட்டார். “உசுரோட இருக்கறப்பவே மாலய போட்டு பொட்ட வெச்சிட்டேனேடா பாவம் அந்த மனுஷனுக்கு. எத்தினி தடவ சோத்துல புரையேறிச்சோ” என்று ஒரு தரம் சொல்லிச் சிரித்தார்.

அந்த மத்தியானத்தில், நான் எல்லாவற்றையும் விளக்கி முடித்த பிறகு, அத்தை பூதக்கண்ணாடியை வாங்கி அந்தச் சாம்பல் இழுப்பை உற்றுப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் படத்தின் மேலேயே வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் பேசத் தொடங்கினார். “எனக்கு அன்னிக்கே சந்தேகம்தான்டா. உங்கப்பா எண்ணிக் காட்டுனாரு. படிச்ச மனுஷன். எங்கண்ணன் பக்கத்துல நின்னுகினு அழுவுறாரு. நான் போயி, இவரு இல்லன்னு எப்படிச் சொல்றது? சரி, இல்லன்னா வேற எவருன்னு கேட்டா? கட்டுன பொண்டாட்டிக்கே புருஷன் மூஞ்சி தெரியலன்னு லைன் பூரா சிரிக்காது? இவரா இருக்கும்னு நெனச்சிகினேன். நெனச்சி நெனச்சி பாத்துகினே இருந்தா, ஒரு வருஷத்துல அதான் அவரு மூஞ்சின்னு ஆயிடிச்சி. கண்ணாலமான புதுசுல அவரு ராத்திரி லைட்ட அணைச்சப்புறம் பேசுவாரு, கொரல் தெரியும். பகல்ல வூட்டுல ஆளுங்க நெறைய. நிமிர்ந்து பாத்தா எதுனா சொல்லுவாங்க…” என்று வந்து, பிறகுதான் நான் முதலில் எழுதியதைச் சொன்னார். முதுகுதான் தெரியும் என்று.

அத்தை பையிலிருந்து வெளியே எட்டிக்கொண்டிருந்த ஆல்பத்தைக் காட்டி, “அது இன்னா?” என்றார். சிஞ்ச்வட்காரருடையது, அதே கம்பெனி, யுத்தத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் எடுத்த படங்கள் என்றேன். “குடு இப்படி” என்று வாங்கினார். கையுறை என்று ஆரம்பித்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திறந்துவிட்டார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். சவரம் செய்துகொண்டு சிரிக்கிறவர்கள், தோளில் கை போட்டு நிற்கிறவர்கள், காமிராவுக்கென்று மீசையை முறுக்குகிறவர்கள். எந்த முகத்துக்கும் அவர் நிற்கவில்லை; நிதானமாக, சாமான் தேடுகிறவர் மாதிரி, தாண்டித் தாண்டிப் போனார். பின்பக்கம் வந்ததும் ஒரு படம். வரப்பு மாதிரி ஒற்றையடி மேட்டில், கண்ணிவெடி தேடும் நீளக் குச்சிகளோடு, எட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராகக் காமிராவைவிட்டு விலகி நடந்து போகிறார்கள். எல்லாருக்கும் ஒரே தொப்பி, ஒரே சட்டை. அடியில் பெயர் எதுவும் இல்லை.

அத்தை புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டார். பூதக்கண்ணாடியை எடுக்கவில்லை. ஒருவருடைய முதுகில் விரலை வைத்தார், எண்ணாமல்.